வெள்ளிக் கலமும் அதன்மேல் பொறித்த எழுத்தும்



முத்துக்குளித்துறையாகிய தூத்துக்குடியில் 1875 டிசம்பரில் இலங்கையிலிருந்து வந்திறங்கினார் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு. அங்கிருந்து புகைவண்டியில் மதுரை, திருச்சி வழியாகச் சென்னை சேர்ந்தார். இந்தியப் பயணத்தில் அவர் பெற்ற பரிசுகள் 1878இல் பாரிஸ் பொருட்காட்சியில் மக்கள் காண வைக்கப்பெற்றன. அந்நாளில் வெள்ளிக் கலங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது சென்னைப் பி.ஆர். அண்டு சன்ஸ் நிறுவனம். வெள்ளித் தகட்டை அரக்கின்மேல் இருத்தி, சிற்றுளியால் தட்டித் தெய்வ உருவங்களைப் புடைப்பாக எழுப்பும் அவ்வேலை ‘சுவாமி வேலை’ எனப்பட்டது.

அரசகுலத்தார்க்கு மட்டுமன்றி, பொதுப்பணி புரிந்தோர்க்கும் வெள்ளித் தட்டு, கிண்ணம், தேநீர்க் கலங்கள், பாராட்டிதழ் வைக்கும் பேழை முதலியன வழங்குதல் வழக்காயிற்று. பெறுபவர் பெயர், ஆற்றிய பணி, வழங்கியோர், நாள் ஆகியன அவற்றில் பொறிக்கப்பெறும். கடையில் வாங்கும் கலத்துக்கும் பாராட்டுக் கலத்துக்கும் உள்ள வேற்றுமை அவ்வெழுத்தே.

பணிக்காகத் தந்த பொருள் யாருக்கு உரியது? பணியாற்றியவர்க்கா, பணிக்கா? இவ்வினா ஒருவரை ஓர் இரவு முழுவதும் உறங்கவிடவில்லை. 1901இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து தாயகம் திரும்ப முற்பட்டபோது, அங்கிருந்த இந்தியர் பொன்னும் வெள்ளியும் வைரமும் பரிசளித்தனர். கஸ்தூரிபாவுக்கென 50 கினி மதிப்புள்ள பொன்மாலையும் அவற்றுள் இருந்தது. இரவெல்லாம் உலவிய அடிகள், அனைத்தையும் பொதுநலத்துக்கே ஒப்படைக்கத் துணிந்து, பார்சி ருஸ்தம்ஜி முதலியோரை அறங்காவலராக்கினார். வருங்கால மருமகள்களை எண்ணிக் கஸ்தூரிபா கண்ணீரோடு வாதாடினார். கணவரின் தொண்டில் தம் உழைப்பும் உண்டென்று அவர் கூறியதில் நியாயமும் இருந்தது. ஆயினும் முடிவு மாறவில்லை. பொருள்கள் வங்கியில் சேர்ந்தன. இடர்வந்த காலங்களில் அந்நிதி சமூகத்துக்கு உதவியது.

அடிகளின் உள்ளத்தில் பொருட்பற்றின்மையை வேரூன்றச் செய்தவருள் ஒருவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். 1891இல் பம்பாயில் அடிகள் கண்ட அச்சமணப் பெரியார் முத்தும் வைரமும் மதிப்பிடுவதில் வல்ல வணிகர். முத்தைக் கையில் ஏந்தியும் நெஞ்சில் ஏந்தாதவர்.

பின்னாளில் அடிகள் தமிழகப் பயணங்களில் 1927இலும் 1934இலும் தூத்துக்குடிக்கும் வந்தார். அக்காலப் பயணங்களில் ஊர்தோறும் பெற்ற வெள்ளிப் பேழைகளை மேடையிலேயே ஏலமிட்டு, வந்த தொகையைப் பொதுநிதியில் சேர்ப்பது அவர் வழக்கம். பாராட்டை ஏற்றார், வெள்ளியை ஏற்கவில்லை.

பொருள் நீங்கினும் பெயர் நிற்கும் என்பதற்குத் தூத்துக்குடி மாவட்டத்திலேயே சான்றுண்டு. கழுகுமலைப் பாறையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே வட்டெழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இன்ன ஊரார் இன்னார் செய்வித்தது என்றும், இன்னாரின் நலங்கருதிச் செய்வித்தது என்றும் அவை கூறும். குரத்தியரும் கைத்தொழிலாளரும் அங்கே பெயர் பெற்றுள்ளனர். கல்லை உருக்கி விற்க இயலாது. ஆதலின் ஆயிரம் ஆண்டு கடந்தும் அப்பெயர்கள் வாழ்கின்றன. வெள்ளிக்கு அப்பேறு இல்லை. விலை ஏறும்தோறும் பாட்டனார் பெற்ற தட்டு உருக்குலைக்குப் போகிறது. அதனோடு அவர் ஊருக்குச் செய்த நன்மையின் ஒரே சான்றும் உருகிவிடுகிறது.

ஆதலின் பெரியோர்களே! மூதாதையர் பெற்ற பாராட்டுக் கலம் இல்லத்தில் இருப்பின், முதலில் அதிலுள்ள எழுத்தைப் பிழையின்றிப் படியெடுங்கள். நிழற்படம் எடுங்கள். அவர் ஆற்றிய பணியை அறிந்த முதியோரிடம் கேட்டெழுதி, அறக்கட்டளை ஏட்டில் சேருங்கள். விற்றே ஆகவேண்டுமெனின், தொகையில் ஒரு பங்கேனும் அவர் பெயரால் ஒரு மாணவரின் படிப்புக்குச் செல்லட்டும். இனிப் பாராட்டு வழங்குவோரும் வெள்ளியின் எடையைக் கூட்டுவதினும், செய்த பணி இன்னதென்று தெளிவாகப் பொறிப்பதில் கருத்தைச் செலுத்துவாராக.