காதின் நேர்மை

வகுப்பறையில் 'சொல்வதை எழுதுதல்' என்றொரு பயிற்சி உண்டு. ஒருமுறை பாடப்பகுதி ஒன்றைப் படிக்கும்போது வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றிப் படித்தேன். பாடத்தை நன்கு மனனம் செய்திருந்த மாணவன் ஒருவன், நான் சொன்ன சொல்லை விடுத்துப் புத்தகத்திலிருந்த சொல்லையே எழுதியிருந்தான். பொய் சொல்லும் பிள்ளையல்லன் அவன். காது கேட்டதை எழுதாமல், மனம் எதிர்பார்த்ததைக் கை எழுதிவிட்டது.

அந்நிகழ்ச்சியை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு. நெடுந்தொலைவிலிருந்து வரும் மெல்லிய நெட்டலைகளைக் கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட வானொலி அன்பர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர்களுக்கும் வாய்த்த சோதனை இதுவே.

நெட்டலை என்பது யாது? ஒரு நொடியில் எழும் அதிர்வுகள் குறையக் குறைய அலையின் நீளம் பெருகும். சுவீடன் நாட்டில் கிரிமெட்டன் என்னும் ஊரில் 1924-இல் ஒலிபரப்பத் தொடங்கிய தந்தி நிலையத்தின் அதிர்வெண் 17.2 கிலோ ஹெர்ட்ஸ். அலையின் நீளமோ 17 கிலோமீட்டருக்கும் அதிகம்! இத்தகைய அலைகள் பூமியின் வளைவைத் தழுவி, வலிமை மெல்லக் குறைந்தபடி, கடல்களைக் கடந்து செல்லும். அதன்பொருட்டே அங்கு 127 மீட்டர் உயரமுள்ள கோபுரங்கள் ஆறு நிறுத்தினார்கள். அலெக்சாண்டர்சன் வகுத்த சுழல்பொறி ஒன்று அங்கே அலைகளைப் பிறப்பிக்கிறது.

கோபுரம் எழுப்ப வசதியற்ற தனிமனிதர் என் செய்வார்? 2007-இல் கூடிய உலக வானொலி மாநாடு, 135.7 முதல் 137.8 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு பகுதியை அமெச்சூர் அன்பர்களுக்கும் ஒதுக்கிற்று. அங்கு அலையின் நீளம் ஏறத்தாழ 2,200 மீட்டர். வீட்டுத் தோட்டத்தில் கட்டும் ஏரியல் கம்பி அதற்கு முன் ஒரு துரும்பு. நூற்றுக்கணக்கான வாட் செலுத்தினாலும் பெரும்பகுதி கம்பிச்சுருளிலும் மண்ணிலும் வெப்பமாய்க் கழியும். வானில் செல்வது ஒரு வாட்டுக்கும் குறைவு. வெளியே செல்லும் ஆற்றல் அந்த அளவைத் தாண்டலாகாது என்பது மாநாட்டின் விதியுமாகும்.

இத்தனை மெலிந்த குரல் இடி மின்னலின் இரைச்சலிடையே எங்ஙனம் கேட்கும்? அன்பர்கள் கண்ட வழி பொறுமை. மோர்ஸ் தந்தியில் ஒரு புள்ளி வழக்கமாக நொடியில் பத்திலொரு பங்கே நிற்கும். இவர்களோ அதனை முப்பது நொடி வரை நீட்டுகிறார்கள். குறி மெதுவானால், அதைப் பிடிக்கும் கருவியின் வாயிலை அதற்கேற்பக் குறுக்கலாம். வாயில் முந்நூறில் ஒரு பங்காகச் சுருங்கினால் உட்புகும் இரைச்சலும் அவ்வாறே சுருங்கும். ஆறு எழுத்துள்ள அழைப்புக்குறி ஒன்றை அனுப்ப அரைமணிக்கு மேலாகும். அதனைக் காதால் கேட்க இயலாது. கணிப்பொறித் திரையில் மெல்ல ஊர்ந்து வரும் கோடாகவே காணவேண்டும். மின்னல் குறைந்த குளிர்கால இரவுகளே இதற்கு உகந்தவை.

இங்கேதான் நான் முன்னர்ச் சொன்ன சோதனை நேர்கிறது. வரப்போகும் குறி இன்னதென்று அறிந்தவனுக்குத் திரையின் மாசு மறுக்கள் யாவும் அந்தக் குறியாகவே தோன்றும்.

1901 டிசம்பர் 12-ஆம் நாள் மார்கோனி இந்நிலையில்தான் இருந்தார். இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து 2,000 மைலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில், பட்டத்தில் கட்டிய கம்பியின் துணையால், மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தார். கேட்டவர் அவரும் உதவியாளர் கெம்ப் என்பவருமே. வரவேண்டியது மூன்று புள்ளி என்பதை இருவரும் அறிவர்; பதிவோ ஏதும் இல்லை. ஆகவே அறிஞர் சிலர் ஐயுற்றனர். இன்றும் ஐயுறுவோர் உளர்.

மார்கோனி சினந்து வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. 1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்னும் கப்பலில் பதிவுக் கருவியோடு ஏறினார். காகித நாடாவில் புள்ளிகள் தாமே பதிந்தன. கப்பல் தலைவர் சான்றொப்பமிட்டார். இரவில் 2,099 மைல் வரை குறி வந்தது. பகலிலோ ஏறக்குறைய 700 மைலோடு நின்றுவிட்டது. தமது முந்தைய பகற்பொழுதுச் சோதனைக்கு மேலும் ஐயம் சேர்க்கக்கூடிய அம்முடிவையும் அவர் மறைக்கவில்லை. இரவு பகல் வேறுபாடு என்னும் புதிய உண்மை அவ்வழியே உலகுக்குக் கிட்டிற்று.

கிரிமெட்டன் நிலையம் இன்று ஐக்கிய நாடுகளின் பண்பாட்டு நிறுவனம் 2004-இல் ஏற்ற உலகப் பாரம்பரியச் சின்னம். ஆண்டில் சில நாட்களே அந்தப் பழைய பொறியைச் சுழற்றி ஒரு செய்தி அனுப்புவார்கள். செய்தி ஒவ்வொரு முறையும் புதியது. முன்கூட்டி மனனம் செய்ய வழியில்லை. பல நாட்டு அன்பர்களும் கேட்டதை எழுதி அனுப்புகிறார்கள். 'இவ்விடத்தில் இரண்டு சொற்கள் கேட்கவில்லை' என்று வெற்றிடம் விட்டு எழுதுபவரின் அறிக்கையையே நான் உயர்வாக மதிப்பேன். அந்த வெற்றிடமே மற்றச் சொற்களுக்குச் சாட்சி.

என் மாணவனுக்கு அன்று ஒரு மதிப்பெண் குறைத்தேன். அவனுக்கு அருகில் அமர்ந்திருந்தவன் அந்தச் சொல்லைச் சரிவரக் கேட்கவில்லையென்று இடம் விட்டிருந்தான்; அவனுக்கும் ஒன்று குறைத்தேன். இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தது தவறு என்பதை, இந்த அன்பர்களின் பணியை அறிந்த பின்னரே உணர்ந்தேன்.