ஆறு வயதில் மேடையேறியவர்

 

"நாடகம் கீடகமெல்லாம் புள்ளைக்கு எதுக்கு டீச்சர்? படிப்பு கெட்டுப் போகாதா?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. குளிரிலும் மழையிலும் கொழுந்தெடுத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. தவறென்று சொல்ல எனக்கு மனம் வராது. பதிலாக ஒரு பெரியவரின் வரலாற்றைச் சொல்கிறேன்.

அவர்தாம் அவ்வை தி. க. சண்முகம். 1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1918-இல், ஆறு வயதில், அண்ணன்மாரோடு சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சேர்ந்தார். எவ்வளவு சின்ன வயசு! பாய்ஸ் கம்பெனி என்பார்கள் அதை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. பெண் வேடமும் பையன்களே கட்டுவார்கள். பாட்டும் வசனமும் மனப்பாடமாக வேண்டும். சொல்லித் தருபவருக்கு அங்கேயும் 'வாத்தியார்' என்றுதான் பெயர்.

அந்தச் சிறுவன் நடிப்பதற்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தாராம். ஒரு பிள்ளைக்காக ஒரு வாத்தியார் விடிய விடியக் கண் விழித்திருக்கிறார், பாருங்கள்!

குரல் உடைந்ததும் பாலர் சபைப் பையன்கள் பலருக்கு வேடம் போய்விடும். சண்முகமோ நின்றுவிடவில்லை. 1925-இல் சகோதரர்கள் சொந்தமாகச் சபை தொடங்கினார்கள். கற்ற பிள்ளை கற்பிக்கும் வாத்தியாரானார். என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம் ஆகியோரெல்லாம் அந்தச் சபையில் வளர்ந்தவர்களே. கிழவி ஔவையாராக நடித்து 'அவ்வை' என்ற பட்டப் பெயரும் பெற்றார் சண்முகம்.

1960-இல் 'களத்தூர் கண்ணம்மா' படத்தில் நடித்த சிறுவன் கமல்ஹாசனும் பிறகு அவரிடம் நாடகம் பயின்றவர்தாம். சண்முகம் 1973-இல் மறைந்தார். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1996-இல், அந்தச் சிஷ்யர் தம் படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தார். வாத்தியாருக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்?

இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் விழா நாடக ஒத்திகையில் ஒரு மாணவிக்கு வசனம் திக்கியது. நான் எல்லார் முன்னாலும் வேடத்தைப் பிடுங்கி, சத்தமாகப் பேசும் பையனிடம் கொடுத்துவிட்டேன். அந்த வருஷம் முழுவதும் அந்தப் பிள்ளை வகுப்பில் கை தூக்கவே இல்லை. சுவாமிகள் ஒரு பிள்ளைக்காக ஓர் இரவு விழித்தார். நான் ஐந்து நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை.

பெற்றோர்களே! சண்முகம் நாடகத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். படிப்பும் இருக்கட்டும், மேடையும் இருக்கட்டும். நாலு பேர் முன் நிமிர்ந்து நின்று பேசத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு எந்த ஆபீசிலும் தலை குனிந்து நிற்காது. ஒத்திகை நாளில் ஒரு மணி நேரம் பிள்ளையை விட்டு வையுங்கள், அது போதும்.

மாணவச் செல்வங்களே! வசனம் திக்கினால் பயப்படாதீர்கள். இந்த முறை டீச்சர் காத்திருப்பேன்.