தேய்மானக் கணக்கும் ஒரு தேர்வும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)



என் தங்கை மகன் ஒரு மாதமாக எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். ரேடியோகிராபர் சான்றிதழ்த் தேர்வு எழுதப் போகிறான். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அல்ல. திருச்சி பாய்லர் ஆலை போன்ற இடங்களில் வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கும் வேலை. அதற்கு இரிடியம்-192 என்ற கதிர்வீச்சுப் பொருள் அதிகம் பயன்படுகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 74 நாள்.

ஒரு நாள் மாதிரித் தாளைத் திருத்தினேன். "40 கியூரி, 148 நாள் கழித்து எவ்வளவு?" என்று கேள்வி. பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தான்.

"74 நாள்ல பாதி போச்சு, இன்னொரு 74 நாள்ல மீதியும் போயிடும்ல மாமா?" என்றான்.

எனக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் பி.காம்.மில் படித்த தேய்மானம் மறக்கவில்லை. நேர்கோட்டு முறையில் வருடா வருடம் ஒரே தொகையைக் கழிப்போம். ஒரு நாள் பூஜ்ஜியமாகும். குறைந்து செல் மதிப்பு முறையில் மீதியில்தான் சதவீதம் போடுவோம். 50 சதவீதம் என்றால் ஒரு லட்ச ரூபாய் இயந்திரம் 50,000 ஆகும், பிறகு 25,000, பிறகு 12,500. பூஜ்ஜியம் வரவே வராது. "உன் இரிடியமும் இப்படித்தான்டா" என்றேன். 40, 20, 10 என்று உடனே போட்டுவிட்டான்.

இது வெறும் மதிப்பெண் விஷயம் இல்லை. டெல்லி மாயாபுரியில் 2010-இல் நடந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். ஒரு கல்வி நிறுவனம் பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருந்த கருவியைப் பழைய இரும்புக்கு விற்றது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. வாங்கி சுமார் 40 ஆண்டு ஆகியிருந்தது. ஏழு முறைக்கு மேல் பாதியாகியும், பிரித்தவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பழசாகிவிட்டது, இனி ஒன்றும் இருக்காது என்று நினைத்ததுதான் தவறு. என் மருமகன் எழுதியதும் அதே விடைதான்.

தேர்வுக்குப் படிக்கும் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதோடு நிற்காதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கோடு பொருத்திப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. பழைய இரும்புக் கடையிலோ குப்பையிலோ, மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் மின்விசிறி போன்ற கறுப்புக் குறி உள்ள பொருளைக் கண்டால் தொடாதீர்கள். தள்ளி நின்று, மற்றவர்களையும் விலக்கி, 112-க்குச் சொல்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால் பங்காகக் குறையும். இதுவும் அவன் பாடத்தில் இருப்பதுதான்.

அடுத்த மாதம் தேர்வு. அதுவரை மூன்றாம் மாடியில் இரவு டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது.