தொண்ணூறும் பத்தும்
(பிரிக்பீல்ட்ஸ் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் வெட்டிச் சேர்த்த பாலை ஸ்டோருக்குக் கொண்டு போகிறோம். வாளி நிறைந்திருக்கிறது என்று கிராணியார் முழு எடையையும் எழுதிக்கொள்வதில்லை. மெட்ரோலாக்கைப் பாலில் விட்டு, ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் பதிகிறார். மழைத் தண்ணீருக்குக் கூலி கிடையாது. பல்கலைக்கழக இடத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அது தெரியாமல், "பிள்ளை நன்றாகத்தானே எழுதினான், ஏன் இடமில்லை?" என்று கிள்ளானிலிருந்து நம்மைத் தேடி வந்து கண் கலங்குகிறார்கள்.

2002-ஆம் ஆண்டில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன ஒதுக்கீடு போய்த் தகுதிப் புள்ளி முறை வந்தது. மொத்தம் நூறு புள்ளி. தொண்ணூறு பரீட்சைக்கு, பத்து புறப்பாட நடவடிக்கைக்கு.

எஸ்.டி.பி.எம். பரீட்சையில் ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி 3.00. நான்கு பாடங்களையும் கூட்டி நான்கால் வகுத்தால் சராசரி. அந்தச் சராசரியை மீண்டும் 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு பெண் மூன்று ஏ, ஒரு ஏ மைனஸ் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3.92; புள்ளி 88.20. புறப்பாடத்தில் அவளுக்கு 2 தான். ஆக 90.20. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஓர் ஏ, இரண்டு ஏ மைனஸ், ஒரு பி பிளஸ். சராசரி 3.67, புள்ளி 82.58. ஆனால் புறப்பாடத்தில் 8.50. ஆக 91.08. பையன் முந்திவிட்டான்! ஒரு பாடத்தில் ஏ மைனஸை ஏ ஆக்க இரவெல்லாம் கண்விழித்தாலும் கூடுவது இரண்டு புள்ளிக்கும் குறைவு. அந்தப் பத்தோ ஐந்து பாடத்தின் உழைப்புக்குச் சமம்.

நம் பிள்ளைகள் ஏன் அதை இழக்கிறார்கள்? மாலைப் பயிற்சிக்கு நின்றால் பஸ் போய்விடும். "விளையாடியது போதும், வீட்டுக்கு வா" என்று நாமும் சொல்கிறோம். அதில் நமக்கும் பங்குண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். மெட்ரிகுலேஷன் மாணவர்களின் பரீட்சை வேறு, எஸ்.டி.பி.எம். பரீட்சை வேறு. இரண்டிலும் 4.00 என்றே எழுதி ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். இரண்டு ஸ்டோர், இரண்டு மெட்ரோலாக், ஒரே கணக்குப் புத்தகம்! இதை நாம் கேட்டே ஆக வேண்டும். 2024-இல், எஸ்.பி.எம். பரீட்சையில் 10 ஏ பெறும் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. நல்லதுதான், ஒன்பது ஏ வாங்கிய பிள்ளை என்ன செய்யும்?

மூயெட் ஆங்கிலப் பரீட்சை இந்த நூறில் சேராது. ஆனால் படிப்புக்கு ஏற்ற நிலை அதில் இல்லாவிட்டால் கதவு திறக்காது.

தேர்ச்சித் தாள் கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். பென்சில் இருக்கிறது, போட்டுப் பார்த்துவிடுவோம்.