சிறுகத் தொடங்கிச் சீர்தூக்கி வளர்வோம்

(பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஒரு பொருளை ஆக்கி விற்க விரும்புவோர் எவ்வாறு திட்டமிடுதல் வேண்டும் என்பது பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி நம்முடையதே. ஆரணியாறும் காளங்கியாறும் கொணரும் நன்னீரும், முகத்துவாரம் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலப்பதால்தான் இங்கு இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் வளர்கின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் நீரின் உவர்ப்பு மாறுகிறது, மீன்வரத்தும் மாறுகிறது. மூன்றாண்டுக்குப் பின் ஏரி எந்நிலையில் இருக்கும் என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. இத்தகைய இடத்தில் முழுத் திட்டத்தையும் முதல்நாளே வகுத்து, முழுக் கடனையும் முதல்நாளே வாங்குதல் ஆபத்தாகும். தொழில் நின்றாலும் வட்டி நிற்பதில்லை. தாய்மார்களின் நகைதான் அடகுக் கடைக்குச் செல்கிறது.

2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கணினி மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டனர். 'அஜைல்' எனப்படும் அம்முறையின் சாரம் இதுவே: பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்க, சில வாரங்களுக்கு ஒருமுறை, முடித்த பகுதியைப் பயன்படுத்துவோர் கையில் கொடுக்க, அவர்கள் கருத்தைக் கேட்டு அடுத்த பகுதியைத் திருத்துக.

இக்கருத்து நமக்கு முற்றிலும் புதியதன்று. நம் முன்னோர் 'பாடு' முறையில் சீட்டெடுத்து, இன்னார் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலையிடுவது என்று வகுத்துக்கொண்டனர். முறைப்படி பங்கு என்னும் கோட்பாடு நிலையானது. இடமும் நாளும் மாறுவன. திட்டமும் அவ்வாறே இருத்தல் வேண்டும். நோக்கம் நிலைத்திருக்க, வழி மட்டும் அனுபவத்துக்கேற்ப மாறலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அண்மையில் ஓடு மாற்றிய நண்டில் சதை குறைந்து நீரே மிகுந்திருக்கும். ஆகவே விலையும் குறைவு. அதனைத் தடுப்புக்குள் மூன்று நான்கு வாரம் வைத்துத் தீனியிட்டால் ஓடு கெட்டிப்பட்டுச் சதை நிறையும். இதனை ஒரு மகளிர் குழு மேற்கொள்வதாகக் கொள்வோம்.

முதற்கண், வாங்குவோரிடம் செல்க. எந்த அளவு நண்டு வேண்டும், எந்த நாளில் வேண்டும், என்ன விலை தருவர் என்று கேட்டறிக. இரண்டாவதாக, எதைச் செய்வதில்லை என்பதையும் முடிவு செய்க. நண்டு என்று தீர்மானித்தபின், அதே ஆண்டில் இறால் ஊறுகாயும் கருவாட்டு வாணிபமும் வேண்டா. மூன்றாவதாக, மீன்வளத் துறையின் ஆலோசனையும் உரிய அனுமதியும் பெற்று, ஐம்பது நண்டுகளுடன் மட்டும் தொடங்குக. சினை நண்டையும் சிறு நண்டையும் ஏரியிலேயே விட்டுவிடுக.

விட்டவை எத்தனை, இறந்தவை எத்தனை, தீனிச் செலவு எவ்வளவு, விற்ற விலை என்ன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருக. நண்டுகள் ஒன்றையொன்று கடித்துத் தின்றிருப்பின், அடுத்த முறை தனித்தனி அறைகளாகத் தடுத்துப் பார்க்கலாம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்க. அப்போதுதான் பயன் எதனால் விளைந்தது என்பது விளங்கும். மூன்று முறை செய்தும் செலவுக்கு மேல் வரவு இல்லையெனில் நிறுத்திவிடுவது என முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்க. ஐம்பது நண்டோடு நிறுத்துவதில் இழிவொன்றுமில்லை. ஐந்து இலட்சம் கடனுக்குப் பின் நிறுத்துவதே துயரம்.

கணக்கு நன்றாயிருப்பின் அதனைக் கிராம சபையில் வைத்திடுக. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுவதற்கு 2022-ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்யப்பட்டது. அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களுள் மீன்வளமும் ஒன்று. ஆதலின் படகுத்துறை, பனிக்கட்டி, பாதை ஆகியவற்றுள் எது முதலில் தேவை என்பதை ஊகத்தால் அன்றி, உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டே சபை முடிவு செய்யலாம்.

ஏரியின் போக்கு நம் கையில் இல்லை. ஆயினும் எவ்வளவு தொகையை, எத்தனை நாளைக்கு அதனிடம் ஒப்படைக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு வரும்போது, ஊருக்கு ஒரு கணக்குப் புத்தகமேனும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.