பாட்டில் மணக்கும் மரம், காட்டில் மடியும் மரம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தமிழ்க் கவிதைக்குச் சந்தனம் புதிதன்று. ஆரம் என்றும் சாந்தம் என்றும் சந்தனம் என்றும் அம்மரத்தைப் புலவர்கள் காலந்தோறும் போற்றி வந்துள்ளனர். சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் குறவர் எரித்த சந்தனத்தின் புகை மலைச்சாரலெங்கும் கமழ்ந்தது. தலைவன் மார்பில் பூசிய சாந்து மணந்தது. தேய்ந்தாலும் மணம் குன்றாத அதன் இயல்பைச் சான்றோர் பண்புக்கு உவமையாக்கினர் பின்வந்த நீதிநூலார். இன்றைய கவியரங்குகளிலும் தியாகத்தைப் பாட வருவோர் முதலில் நாடுவது சந்தனத்தையே.

இங்கே ஒன்று கருதத்தக்கது. இவ்வுவமைகளுள் பெரும்பாலானவை வெட்டிய கட்டையையும் அரைத்த சாந்தையும் எழுந்த புகையையும் பற்றியவை. வேரூன்றி நிற்கும் மரத்தைப் பற்றிய பாடல்கள் அவற்றை நோக்கக் குறைவே. அவ்வாறு நிற்கும் மரமோ நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நோயுற்றிருக்கிறது.

துணையின்றி வாழாத மரம்

சந்தனத்தைத் தாவரவியலார் அரை ஒட்டுண்ணி என்பர். அதன் பச்சை இலைகள் கதிரவன் ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. ஆனால் நீரையும் தாது உப்புகளையும் போதிய அளவு பெற அதற்கு அயலாரின் உதவி வேண்டும். மண்ணுக்குள்ளே அதன் வேர், அண்டையில் நிற்கும் செடி மரங்களின் வேர்களைத் தேடிச் சென்று, உறிஞ்சு உறுப்புகளால் பற்றிக்கொள்கிறது. இதனாலேயே சந்தனம் வளர்ப்போர், கன்றின் அருகில் துவரையையும், பின்னர்ச் சவுக்கு, புங்கு போன்ற மரங்களையும் துணையாக நடுகின்றனர். துணையின்றி நட்ட கன்று நலிந்துபோகிறது. காட்டில் பறவைகள் அதன் பழத்தைத் தின்று எச்சமிடும் விதைகள் புதர்களின் நிழலில் முளைக்கின்றன. நடுமரத்தில் மணமுள்ள வைரம் பாயப் பத்துப் பதினைந்து ஆண்டுகளேனும் ஆகும்.

நோயின் வரலாறு

1899ஆம் ஆண்டு குடகுப் பகுதியில் ஒரு புது நோய் கண்டறியப்பட்டது. நோயுற்ற மரத்தில் புதிதாகத் தளிர்க்கும் இலைகள் ஒவ்வொரு முறையும் முன்னினும் சிறுத்து, குறுகி, விறைத்து நின்றன. கணுக்களுக்கு இடைப்பட்ட நீளம் குறைந்தமையால் இலைகள் நெருங்கி, கிளைகள் முள் செறிந்த கதிர்போல் தோன்றின. இத்தோற்றம் பற்றியே ஆங்கிலேயர் இதற்கு ‘ஸ்பைக்’ நோய் எனப் பெயரிட்டனர். நோயுற்ற மரம் பூப்பதும் காய்ப்பதும் நின்றுபோகும். வேர் நுனிகளும், அயல் வேர்களைப் பற்றியிருந்த உறிஞ்சு உறுப்புகளும் அழியும். துணையைப் பற்றி வாழும் மரம் துணையை இழக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது பட்டுப்போகிறது.

1903 முதல் 1916 வரையிலான காலத்தில் குடகிலும் மைசூரிலும் ஏறத்தாழப் பத்து லட்சம் மரங்கள் இந்நோயால் அகற்றப்பட்டன. நோய்க்கு மருந்து காண்போருக்கு ரூ. 10,000 பரிசளிப்பதாக 1907இல் மைசூர் மன்னர் அறிவித்தார். பரிசுக்குரிய மருந்து கிடைக்கவில்லை. ஒட்டுக் கட்டினால் இந்நோய் நல்ல மரத்துக்கும் தொற்றும் என்பதை 1917இல் கோல்மன் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். நெடுங்காலம் வைரஸ் எனக் கருதப்பட்ட நோய்க்கிருமி உண்மையில் செல்சுவரில்லாத நுண்ணுயிர் என்பது 1969இல்தான் தெரியவந்தது. இன்று அதனை ஃபைட்டோபிளாஸ்மா என்பர். சாறுண்ணும் தத்துப்பூச்சிகள் அதனை மரத்துக்கு மரம் கொண்டு செல்கின்றன. டெட்ராசைக்ளின் மருந்தைச் செலுத்தினால் மரம் சில காலம் தெளிவு பெறும். பின்னர் நோய் மீண்டும் தலைகாட்டும். ஒரு காடு முழுவதற்கும் மரந்தோறும் மருந்து செலுத்துதல் இயல்வதன்று.

காடும் மாறுகிறது

நோய் ஒன்றே இவ்வழிவுக்குக் காரணம் எனல் பொருந்தாது. கோடைத் தீயில் இளங்கன்றுகள் கருகுகின்றன. கால்நடைகள் தளிரை மேய்கின்றன. அயல்நாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி, சந்தனத்துக்குத் துணையாகும் பல்வகைச் செடிகளின் இடத்தைப் பற்றிக்கொண்டதுடன், கோடையில் தீ மூளவும் ஏதுவாகிறது. வறட்சி நீடித்தால் மரத்தின் தாங்கும் ஆற்றல் குறைகிறது. இவற்றின்மேல் கள்ளவெட்டு. முதிர்ந்து விதை தரும் நல்ல மரங்களே திருடரின் கோடரிக்கு முதலில் இரையாகின்றன. விதை தரும் மரம் வெட்டப்படுகிறது. எஞ்சிய மரமோ நோயுற்றால் விதை தருவதில்லை. இவ்விரண்டும் சேரும்போது காடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வழி அடைபடுகிறது. கேரளத்தின் மறையூர், சந்தனக் காட்டுக்குப் பெயர் பெற்றது. அங்கும் 1980களில் இந்நோய் புகுந்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998இல் சந்தனத்தை அழியக்கூடும் நிலையிலுள்ள மரங்களின் பட்டியலில் சேர்த்தது.

தனியார் நிலங்களில் சந்தனம் வளர்ப்பதற்கிருந்த சட்டத் தடைகளைக் கர்நாடகமும் தமிழகமும் 2001, 2002ஆம் ஆண்டுகளில் தளர்த்தின. தோட்டங்கள் பெருகியுள்ளன. இது நல்லதே. எனினும் நோயற்ற நாற்று என்னும் உறுதி இல்லாவிடில் தோட்டமும் நோய்க்கு இருப்பிடமாகும். தோட்டத்துச் சந்தனம் கட்டையைத் தரலாம். காட்டின் பல்வகை மரபுக் கூறுகளை அது ஈடுசெய்யாது.

கவிஞர் கடன்

இவற்றால் கவிஞருக்கு ஆவதென்ன எனும் வினா எழலாம். உவமை பொருளோடு உறவுடையது. பொருள் மறைந்த பின்னும் உவமை வழங்கலாம். ஆனால் அது கண்டறிந்த உவமையாக இராது, கேட்டறிந்த உவமையாகவே இருக்கும். குறிஞ்சி பாடிய புலவர் தாம் பாடிய மலையின் மரங்களை அறிந்திருந்தனர். சந்தனத்தைப் பாடும் இன்றைய கவிஞருள் அம்மரத்தை நேரில் கண்டவர் எத்துணையர்?

ஜவ்வாது மலையிலோ சத்தியமங்கலக் காட்டிலோ ஒரு சந்தன மரத்தின் அருகில் நின்றால் மணம் எதுவும் வாராது. அதன் இலைக்கும் பட்டைக்கும் மணமில்லை. உள்ளிருக்கும் வைரத்துக்கே உண்டு. எனவே மணத்தை மட்டும் அறிந்தவர் அம்மரத்தை அடையாளம் காணாமலே கடந்து செல்வார். அதன் இலை சிறுத்திருப்பதையும், கிளை பூவாது நிற்பதையும் அவர் அறியமாட்டார். இலையையும் பூவையும் கண்டறிந்து பாடும் கவிதைகளேனும் இனிப் பிறத்தல் வேண்டும்.