பறப்பதற்காகவா முளைத்தது இறகு?

(தொலைக்காட்சி அறிவியல் மன்றத்தில் ஆற்றிய உரை)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு இறகு. "அதில் பேச என்ன இருக்கிறது?" என்று வீட்டிலேயே கேட்டார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கோழியை வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கிய பிறகும், தோலில் குச்சி குச்சியாகச் சில முளைகள் நிற்கும். நகத்தால் நெருக்கி இழுத்தால் கறுப்பாக நீர் கசியும். "இது இன்னும் விரியாத இறகுடா" என்பார் என் பாட்டி. அவர் சொன்னது முற்றிலும் சரி. இறகின் வரலாறே அந்தச் சின்னக் குழாய்க்குள்தான் இருக்கிறது.

இறகு எதற்கு என்று பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள். பறப்பதற்கு என்று சொல்லும். அறிஞர்களில் பலரும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். ஊர்வனவற்றின் செதில் நீண்டு, ஓரம் கிழிந்து, காற்றைத் தாங்கும் இறகாயிற்று என்றார்கள். 1861-இல் ஜெர்மனியில் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற புதைபடிவம் அறிவிக்கப்பட்டது. 150 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய உயிர். பல் இருந்தது, எலும்பு வால் இருந்தது. ஆனால் இறகு மட்டும் இன்றைய பறவையின் இறகைப் போலவே முழுமையாக இருந்தது. அப்படியானால் தொடக்கம் எங்கே?

முட்டைக்குள் பார்ப்போம். குஞ்சின் தோலில் முதலில் சிறு தடிப்பு தோன்றுகிறது. செதிலும் இப்படித்தான் தொடங்குகிறது. பிறகுதான் வழி பிரிகிறது. செதில் தட்டையாகப் படர்கிறது. இறகோ விரல்போல நீண்டு குழாயாகிறது. அதன் அடிப்பகுதி தோலுக்குள் இறங்கிக்கொள்ள, நம் முடியைப் போலவே அடியிலிருந்து வளர்கிறது. வளரும்வரை உள்ளே இரத்தம் ஓடுகிறது. குழாயின் சுவர் பல கீற்றுகளாகப் பிரிகிறது. பெரிய இறகாக இருந்தால் அந்தக் கீற்றுகள் ஒரு பக்கமாகச் சேர்ந்து நடுத்தண்டாகின்றன. கடைசியில் மேலுறை உதிர்ந்து, தென்னங்குருத்து விரிவதுபோல் இறகு விரிகிறது.

1999-இல் அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் பிரம் ஒரு கருத்தை முன்வைத்தார். இறகு வளரும் படிகளே அது பரிணமித்த படிகளையும் காட்டுகின்றன என்றார். முதலில் வெறும் குழாய், அடுத்து இழைக்கொத்து, பிறகு தண்டும் கீற்றும், பறக்க உதவும் இறகு எல்லாவற்றுக்கும் கடைசி.

சாட்சி சீனாவின் லியாவ்னிங் மாநிலத்தில் கிடைத்தது. 1996-இல் ஒரு விவசாயி பிளந்த கல்லில் சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசர் இருந்தது. நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கைகளோ குட்டை. முதுகிலிருந்து வால்வரை மெல்லிய இழைகள்! அவை அழுகிய தோலின் நார்கள்தாம் என்று சிலர் கடுமையாக மறுத்தார்கள். 2010-இல் அந்த இழைகளுக்குள் நிறமித் துகள்கள் இருப்பது காட்டப்பட்டது. வால் செம்பழுப்பும் வெள்ளையுமாக வரிபோட்டிருந்ததாம். 2012-இல் யூடிரானஸ் அறிவிக்கப்பட்டது. 9 மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை. அதற்கும் இழை இருந்தது. அது பறந்திருக்குமா? குளிர் தாங்கவும் தன் இனத்தாருக்குக் காட்டவுமே இழை பயன்பட்டிருக்க வேண்டும்.

இந்த இரண்டும் ஏறக்குறைய 125 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தியவை. ஆர்க்கியோப்டெரிக்ஸ் இவற்றைவிட மூத்ததாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சித்தப்பாவைவிட வயதில் மூத்த அண்ணன் மகன் நம் குடும்பங்களில் இல்லையா? பழைய வடிவத்தை விடாத கிளைகள் பிற்காலத்திலும் வாழ்ந்தன, அவ்வளவுதான்.

2025-இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. கோழிக் கருவில் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு தரும் சமிக்ஞையைச் சிறிது நேரம் தடுத்துப் பார்த்தார்கள். (ஆமாம், பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேமின் பெயர்தான்.) இறகு கிளைவிடவில்லை, தோலுக்குள் இறங்கவும் இல்லை. வெறும் முளையாக நின்றது, பிரம் சொன்ன முதற்படியைப் போல. ஆனால் குஞ்சு பொரித்த பிறகு, காலப்போக்கில் இயல்பான இறகு முளைத்துவிட்டது.

மணி அடித்துவிட்டார்கள்.